மூச்சை விட முடியாத நோய்! வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். (நெஞ்சு நோயோ இருதய நோயோ உள்ளவர்கள் செய்ய வேண்டாம்.)

மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள். நெஞ்சு நிறையட்டும். அதில் கொஞ்சம் மட்டும் வெளியே விடுங்கள். மிச்சத்தை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் அடுத்த மூச்சை இழுங்கள். இப்படி மூன்று தடவை செய்யுங்கள்.

என்ன ஆகிறது? நெஞ்சு நிறையக் காற்று இருக்கிறது. ஆனாலும் மூச்சு முட்டுகிறது! தோள் மேலே ஏறுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது.

நீங்கள் உடனே மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிடுவீர்கள். நிம்மதி வந்துவிடும்.

அப்படி விட முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அவர்களுக்கு இதே அவஸ்தைதான்.

அவர்களைப் பிடித்திருக்கும் நோய்க்கு "நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்" என்று பெயர். டாக்டர்கள் சுருக்கமாக "சி.ஓ.பி.டி." என்கிறார்கள். ஊரில் "இளைப்பு" என்றும் "இரைப்பு" என்றும் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள்.

2021-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 2016-ம் ஆண்டில் சுமார் 5½ கோடி பேருக்கு இந்த நோய் இருந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இந்த நோயை அடியோடு குணமாக்க மருந்து இல்லை. ஆனால் நோயாளியின் கஷ்டத்தைப் பெருமளவு குறைக்க முடியும். அதில் டாக்டருக்கு ஒரு பங்கு உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. நோயாளி டாக்டரிடம் இருப்பது சில நிமிடம். வீட்டில் இருப்பதோ இரவும் பகலும்!

காற்று எங்கே சிக்குகிறது?

நம்முடைய மூச்சுக் குழாய் ஒரு மரம் போன்றது. தலைகீழாக நிற்கும் மரம். அடிமரம் கிளையாகப் பிரிகிறது. கிளை கொப்பாகப் பிரிகிறது. கொப்புகளின் நுனியில் சின்னஞ்சிறு காற்றுப் பைகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. ஒரு மனிதனுக்கு சுமார் 30 கோடி முதல் 50 கோடி வரை இத்தகைய பைகள் உண்டு.

பிராண வாயு எனப்படும் ஆக்சிஜன் இந்தப் பைகளின் வழியாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் கழிவான கரியமில வாயு இந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

பல ஆண்டுகள் புகை பட்டால் குழாய்களின் உட்புறம் வீங்கிப் போகிறது. சளி கட்டுகிறது. வழி குறுகுகிறது. காற்றுப் பைகளின் சுவர்களும் இற்றுப் போகின்றன. நாள்பட்ட ரப்பர் போல அவை தொய்ந்துவிடுகின்றன.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிகிறது. குழாயும் கொஞ்சம் விரிகிறது. எனவே காற்று எப்படியோ உள்ளே போய்விடுகிறது. மூச்சை விடும்போது குழாய் சுருங்கி மூடிக்கொள்கிறது. காற்று உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பழைய காற்று இடத்தை அடைத்துக்கொண்டால் புதிய காற்றுக்கு இடம் ஏது?

இதை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டார். அவர் பிரான்ஸ் நாட்டு டாக்டர் லேனக். 1816-ம் ஆண்டில் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இறந்து போனவர்களின் நெஞ்சைத் திறந்தால், நுரையீரல் காற்றுப் போன பை போலச் சுருங்கிவிடும். ஆனால் சிலருடைய நுரையீரல் சுருங்காமல், நெஞ்சை அடைத்துக்கொண்டு உப்பியே இருந்ததை லேனக் பார்த்தார். உயிர் போன பிறகும் காற்று வெளியே வரவில்லை!

இந்த நோயாளிக்கு மூச்சை வெளியே விடுவதுதான் பெரும்பாடு. இதை வீட்டில் உள்ளவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் பணிவிடைகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

யாருக்கு வரும்?

பீடி, சிகரெட், சுருட்டு பிடிப்பவர்களுக்கு வரும். பொதுவாக 40 வயதுக்கு மேல் தெரிய ஆரம்பிக்கும்.

புகைக்காதவர்களுக்கும் வரும். விறகையும் வறட்டியையும் எரித்துப் பல ஆண்டுகள் சமைத்த பெண்களுக்கு வரும். கல் உடைக்கும் இடத்திலும் சுரங்கத்திலும் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வரும். முன்பு காச நோய் வந்து நுரையீரல் கெட்டவர்களுக்கும் வரலாம்.

"வயதாகிவிட்டது, அதனால் மூச்சு வாங்குகிறது" என்று விட்டுவிடக் கூடாது. மூச்சு வாங்குவதற்கு ஆஸ்துமா காரணமாக இருக்கலாம். இருதய நோய் காரணமாக இருக்கலாம். காச நோய் காரணமாக இருக்கலாம். ரத்த சோகை காரணமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

இந்த நோயைக் கண்டுபிடிக்க "ஸ்பைரோமீட்டர்" என்ற கருவி இருக்கிறது. மூச்சை நிறைய இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊதச் சொல்வார்கள். குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் ஒரு விநாடியில் மொத்தக் காற்றில் 100-க்கு 70 பங்குகூட வெளியே வரவில்லை என்றால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஊசி கிடையாது. வலி கிடையாது.

முதல் வேலை புகையை விரட்டுவது

"நுரையீரல்தான் கெட்டுவிட்டதே. இனிமேல் பீடியை விட்டு என்ன பயன்?" என்று கேட்கும் நோயாளிகள் உண்டு.

இதற்குப் பதில் லண்டனிலிருந்து வந்தது. பிளெச்சர், பீட்டோ முதலிய ஆராய்ச்சியாளர்கள், லண்டனில் வேலை பார்த்த 792 ஆண்களின் மூச்சை 8 ஆண்டுகள் அளந்து வந்த விவரத்தை 1976-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். புகைப்பதை நிறுத்தியவர்களுக்குப் போன பலம் திரும்பி வரவில்லை. ஆனால் நுரையீரல் தேயும் வேகம் குறைந்துவிட்டது. புகைக்காத மனிதருக்குத் தேயும் அளவுக்கு அது வந்துவிட்டது.

ஆகவே 60 வயதில் விட்டாலும் லாபம்தான். விடுவதற்கு உதவும் மருந்துகள் இருக்கின்றன. டாக்டரைக் கேட்கலாம். அதட்டுவதால் மட்டும் பீடி போய்விடாது. வீட்டில் மற்றவர்கள் புகைத்துக்கொண்டு, நோயாளியை மட்டும் விடச் சொன்னால் நடக்குமா? வீட்டுக்குள் யாருமே புகைக்கக் கூடாது.

விறகு அடுப்பு இருந்தால் அதை வீட்டுக்கு வெளியே வையுங்கள். முடிந்தால் கேஸ் அடுப்புக்கு மாறுங்கள். நோயாளி இருக்கும் அறையில் கொசுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணி வேண்டாம். கொசுவுக்கு வலை கட்டுங்கள். பெருக்கும்போது நோயாளியை வேறு இடத்தில் உட்கார வையுங்கள். தரையை ஈரத் துணியால் துடையுங்கள். தாளிக்கும் நெடியும் ஆகாது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

நர்சுகளின் தாய் என்று போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளிப் பணிவிடை பற்றி 1859-ம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். அதன் முதல் அத்தியாயமே காற்றோட்டம் பற்றியதுதான். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் அவர் நல்ல காற்றை வைத்தார்.

மூச்சு முட்டும்போது...

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. பிள்ளைகள் பதறுகிறார்கள். "கொஞ்சம் படுங்கள் அப்பா" என்று படுக்க வைக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் சுற்றி நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கிறார்கள்.

எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் எல்லாம் தவறு!

மல்லாக்கப் படுத்தால் வயிறு நெஞ்சை மேலே தள்ளும். உப்பிய நுரையீரலுக்கு அசைய இடம் இருக்காது. அவஸ்தை அதிகமாகும்.

நோயாளியை நாற்காலியில் உட்கார வையுங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளட்டும். எதிரே மேஜை இருந்தால், அதன் மேல் தலையணையைப் போட்டுக் கைகளையும் தலையையும் அதில் சாய்த்துக்கொள்ளலாம். வெளியில் நடக்கும்போது மூச்சு முட்டினால், சுவரைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கலாம்.

சட்டைப் பொத்தானைக் கழற்றி விடுங்கள். வேட்டியையும் இடுப்புக் கயிற்றையும் தளர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும்.

பதில் சொல்ல வைக்காதீர்கள். தலையை ஆட்டினால் போதும் என்கிற மாதிரி கேளுங்கள். "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்கலாம். "என்ன செய்கிறது? எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்கக் கூடாது.

உங்கள் முகத்தில் பயம் தெரிந்தால் அவருக்கும் பயம் வரும். பயம் வந்தால் மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சு விட்டால், முந்திய காற்று வெளியேறுவதற்குள் அடுத்தது வந்து சேரும். நெஞ்சு இன்னும் உப்பும். ஆகவே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

ஊதி ஆற்றுங்கள்!

சூடான காப்பியை ஊதி ஆற்றுவது யாருக்கும் தெரியும். அதுவே இங்கே மருந்து!

வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். மனதுக்குள் "ஒன்று, இரண்டு" என்று எண்ண வேண்டும். பிறகு உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணும் வரை ஊத வேண்டும். பலமாக ஊதக் கூடாது.

உதட்டைக் குவித்து ஊதினால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்கிறது. அந்த அழுத்தம் குழாய் மூடிவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. சிக்கிய காற்று வெளியே வருகிறது.

இதை மூச்சு முட்டும்போது புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது. நோயாளி நன்றாக இருக்கும்போதே தினமும் பழக்க வேண்டும். முட்டும் வேளையில் பக்கத்தில் இருப்பவர் தாமும் உதட்டைக் குவித்து ஊதிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அவரும் ஊதுவார்.

பாட்டியின் விசிறி

மூச்சு முட்டுகிறவருக்கு முகத்தில் விசிறுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதில் பயன் உண்டா?

இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2010-ம் ஆண்டில் வெளியானது. நாள்பட்ட மூச்சுத் திணறல் உள்ள 50 பேருக்குச் சிறிய கைவிசிறி கொடுத்தார்கள். 5 நிமிடம் முகத்தில் காற்றுப் படச் செய்தார்கள். இன்னொரு 5 நிமிடம் காலில் படச் செய்தார்கள். முகத்தில் காற்றுப் பட்டபோது திணறல் குறைந்தது.

கன்னத்திலும் மூக்கிலும் குளிர்ந்த காற்றுப் பட்டால், அங்குள்ள நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. திணறும் உணர்வு தணிகிறது. பனையோலை விசிறியாக இருந்தாலும் சரிதான். டாக்டர் கொடுத்த மருந்தோடு சேர்த்து இதையும் செய்யலாம்.

இன்ஹேலரைப் பார்த்துப் பயமா?

இன்ஹேலர் என்றால் பலருக்குப் பயம். "பழகிவிட்டால் விட முடியாது" என்பார்கள். "சாகிற வேளையில் கொடுப்பது" என்பார்கள். இரண்டும் தவறு.

இன்ஹேலர் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மேசன். அவருடைய மகளுக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்தில் ரப்பர் குமிழை அமுக்கி மருந்தைத் தூவும் கண்ணாடிக் கருவிதான் இருந்தது. அது எளிதில் உடைந்துவிடும். கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பாவைப் போல மருந்தையும் அடைக்கக் கூடாதா என்று 1955-ம் ஆண்டில் அந்தச் சிறுமி தந்தையிடம் கேட்டாள். அடுத்த ஆண்டே கைக்கு அடக்கமான இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது!

இன்ஹேலரில் மருந்தின் அளவு மிகக் குறைவு. சால்பியூட்டமால் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையில் 4 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரை ஒரு தடவை அமுக்கினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் 40-ல் ஒரு பங்கு! அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையோ உடம்பு முழுவதும் சுற்றிவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

இன்ஹேலர் இரண்டு விதம். ஒன்று முட்டும்போது உடனே எடுப்பது. மற்றொன்று நன்றாக இருந்தாலும் தினமும் எடுப்பது. "இன்றைக்கு நன்றாக இருக்கிறதே" என்று இரண்டாவதை நிறுத்திவிடக் கூடாது. எது எந்த விதம் என்று டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

அமுக்கும் இன்ஹேலரை எடுக்கும் முறை இதுதான்: முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். உதட்டால் கருவியின் வாயை இறுகப் பற்ற வேண்டும். மூச்சை மெதுவாக இழுக்க ஆரம்பித்தவுடன் அமுக்க வேண்டும். தொடர்ந்து ஆழமாக இழுக்க வேண்டும். பிறகு முடிந்தால் 10 எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். இரண்டாம் தடவைக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுக்க வேண்டும்.

கை நடுங்கும் முதியவர்களுக்கு இது கடினம். அவர்களுக்கு "ஸ்பேசர்" என்ற குடுவை உதவும். மருந்து முதலில் குடுவையில் நிற்கும். அவர்கள் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம்.

பொடியை இழுக்கும் இன்ஹேலருக்கு முறை வேறு. அதை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலராக இருந்தால், எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் படியும், புண்ணாகும்.

ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் இன்ஹேலரைக் கையோடு கொண்டு போங்கள். நோயாளி எடுக்கும் விதத்தை டாக்டரோ நர்சோ பார்க்கட்டும். வருடக்கணக்கில் தவறாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

சளியை வெளியேற்ற

இருமி இருமிக் களைத்துப் போகும் நோயாளிக்கு ஒரு வழி இருக்கிறது. மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, "ஹா" என்று வேகமாக விட வேண்டும். கண்ணாடியில் மூச்சு விட்டு ஆவி படியச் செய்வது போல. இரண்டு மூன்று தடவை செய்தால் சளி மேலே ஏறும். பிறகு ஒரு தடவை இருமினால் வந்துவிடும்.

துப்புவதற்கு மூடியுள்ள பாத்திரம் வையுங்கள். தினமும் சளியின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவு கூடினாலும் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் கவனம்

மூச்சு விடுவதே இவர்களுக்கு ஓர் உழைப்பு. நாள் முழுவதும் பாரம் சுமப்பது போல. அதனால் உடம்பு இளைக்கும். உடம்பு இளைத்தால் மூச்சு விடும் தசையும் இளைக்கும்.

வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு முட்டும். ஆகவே மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிடுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓய்வு எடுக்கட்டும். மெல்லுவதற்குச் சிரமம் இல்லாமல் குழைவாகக் கொடுங்கள்.

முட்டை, மீன், பருப்பு, தயிர், வேர்க்கடலை ஆகியவை தசைக்கு நல்லவை. பால் குடித்தால் சளி பெருகும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பால் சளியைப் பெருக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. வயிற்றை உப்ப வைக்கும் பண்டங்களை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய், இருதய நோய், கால் வீக்கம் இருந்தால் உப்பு, தண்ணீர் அளவு பற்றி டாக்டரைக் கேட்க வேண்டும்.

படுத்தே கிடக்கலாமா?

"பாவம், அசையாமல் இருக்கட்டும்" என்று எல்லா வேலையையும் மற்றவர்களே செய்துவிடுவது உண்டு. முன்பு டாக்டர்களில் பலரும் ஓய்வு எடுக்கத்தான் சொன்னார்கள்.

1960-களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி என்ற டாக்டரும் லூயிஸ் நெட் என்ற நர்சும் வேறு வழியில் போனார்கள். மூச்சுத் திணறும் நோயாளிகளின் கையில் சிறிய ஆக்சிஜன் கருவியைக் கொடுத்து நடக்க வைத்தார்கள். மூச்சு விடும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளிகளே படிப்பதற்காக 1967-ம் ஆண்டில் ஒரு புத்தகமும் எழுதினார்கள். வீட்டோடு கிடந்தவர்கள் வெளியே நடமாடினார்கள். இந்த முறை பிறகு உலகெங்கும் பரவியது.

படுத்தே கிடந்தால் கால் தசை தளரும். தளர்ந்த தசைக்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். ஆகவே டாக்டரைக் கேட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள். இன்று வாசல் வரை. சில நாள் கழித்துத் தெருமுனை வரை. கொஞ்சம் மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம். பேச முடியாத அளவுக்கு வாங்கினால் நிறுத்தி உட்கார வேண்டும்.

எழும்போதும், குனியும்போதும், படி ஏறும்போதும் மூச்சை வெளியே ஊதிக்கொண்டே செய்ய வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது.

குளிப்பது இவர்களுக்குப் பெரிய வேலை. குளியல் அறையில் முக்காலி போடுங்கள். உட்கார்ந்தே குளிக்கட்டும். கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம். சட்டை மாற்றுவதும் சவரம் செய்வதும் உட்கார்ந்தே நடக்கட்டும். அடிக்கடி எடுக்கும் பொருள்களைக் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

ஆக்சிஜன்: அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு

சிலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடும். அவர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்கும்படி டாக்டர் சொல்வார்.

இதன் பலன் 1981-ம் ஆண்டில் பிரிட்டனில் தெரிந்தது. 87 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 42 பேருக்கு தினமும் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுத்தார்கள். 45 பேருக்குக் கொடுக்கவில்லை. 5 ஆண்டுகளில், ஆக்சிஜன் பெற்றவர்களில் 19 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 30 பேர் இறந்தார்கள்.

ஆகவே 15 மணி நேரம் என்று டாக்டர் சொன்னால் 15 மணி நேரம் வைக்க வேண்டும். முட்டும்போது மட்டும் வைத்துவிட்டு எடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது. ஆனால் மூச்சு வாங்குகிற எல்லோருக்கும் இது தேவை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருப்பவருக்கு வீட்டில் சிலிண்டர் வைப்பது வீண் செலவு.

அடுத்து வருவதை இரண்டு தடவை படியுங்கள்.

நோயாளி திணறும்போது, "இன்னும் கொஞ்சம் திறந்து விடு" என்று ஆக்சிஜன் திருகைத் திருப்புவது உண்டு. இது ஆபத்து!

இந்த நோயாளிகளில் சிலருக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் உடம்பில் கரியமில வாயு தேங்கிவிடும். முதலில் தலை வலிக்கும். பிறகு தூக்கம் தூக்கமாக வரும். பிறகு நினைவு தப்பும். "அப்பாடா, அசந்து தூங்குகிறார்" என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது மயக்கமாக இருக்கலாம்!

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியா தீவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆராய்ச்சி 2010-ம் ஆண்டில் வெளியானது. அவர்களில் 214 பேருக்கு இந்த நோய் உறுதியாயிற்று. தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களில் 11 பேர் இறந்தார்கள். அதாவது 100-க்கு 9 பேர். அளந்து கொடுக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 2 பேர். அதாவது 100-க்கு 2 பேர்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று இந்த நோயாளிகளுக்கு டாக்டர்கள் அளவு வைக்கிறார்கள். 98, 100 என்று காட்ட வேண்டும் என ஆசைப்படக் கூடாது. உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் எழுதி வாங்கிக் கருவியின் மேல் ஒட்டுங்கள். அதை யாரும் தாமாக மாற்றக் கூடாது. விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் சாயம் இருந்தாலும் ஆக்சிமீட்டர் தவறாகக் காட்டும்.

டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. அதுவும் மூச்சை மந்தமாக்கும்.

நெருப்பு ஜாக்கிரதை!

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் நெருப்பு எரிவதை வேகமாக்கும். சிறு பொறி பெரும் தீயாகும். ஆக்சிஜன் இருக்கும் அறையில் பீடி, விளக்கு, கற்பூரம், தீக்குச்சி எதுவும் கூடாது. அடுப்படிக்கு அதைக் கொண்டு போகக் கூடாது. மூக்கில் குழாய் இருக்கும்போது எண்ணெயும் வாசலினும் மூக்கைச் சுற்றித் தடவக் கூடாது. சிலிண்டர் சாய்ந்து விழாதபடி கட்டி வைக்க வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரி?

நோய் திடீரென்று முற்றும் நாட்கள் வரும். சளிக் காய்ச்சல் வந்தால் முற்றும். புகையும் பனியும் சேர்ந்தால் முற்றும். ஒவ்வொரு முறை முற்றும்போதும் நுரையீரலின் பலம் கொஞ்சம் போகிறது. ஆகவே வராமல் தடுப்பது நல்லது. வருடந்தோறும் போடும் புளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி ஆகியவை பற்றி டாக்டரைக் கேளுங்கள்.

மூச்சு வழக்கத்தைவிட அதிகமாக வாங்கினால், சளி கூடினால், அதன் நிறம் மாறினால், காய்ச்சல் வந்தால், கால் வீங்கினால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சை அழையுங்கள்:

* ஒரு வாக்கியத்தை முழுவதும் பேச முடியவில்லை.
* இன்ஹேலர் எடுத்தும் திணறல் தணியவில்லை.
* நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலம் பாய்ந்திருக்கின்றன.
* பேச்சில் குழப்பம் இருக்கிறது. எழுப்பினாலும் விழிக்காத தூக்கம்.
* நெஞ்சு வலிக்கிறது. சளியில் ரத்தம் அதிகமாக வருகிறது.

ஆம்புலன்சில் ஏறியவுடன், "இவருக்கு சி.ஓ.பி.டி. இருக்கிறது. ஆக்சிஜனை அளந்து கொடுங்கள்" என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டையும் இன்ஹேலரையும் எடுத்துச் செல்லுங்கள். இவற்றை ஒரு பையில் போட்டு வாசல் அருகே எப்போதும் மாட்டி வைப்பது நல்லது.

கவனிப்பவரையும் கவனியுங்கள்

இந்த நோய் ஒரு வாரத்தில் போய்விடும் நோய் இல்லை. பல ஆண்டுகள் இருக்கும். நோயாளிக்குச் சலிப்பு வரும், கோபம் வரும். "எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்" என்பார். சாப்பாட்டிலும் பேச்சிலும் மனம் செல்லாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச் சோர்வுக்கும் வைத்தியம் உண்டு.

இரவில் தலைப்பக்கம் இரண்டு மூன்று தலையணை வைத்து உயர்த்துங்கள். கூப்பிட ஒரு மணியைக் கையருகே வையுங்கள். கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்ற தைரியம் இருந்தால் இரவுப் பயம் குறையும்.

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பணிவிடை முழுவதும் ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மனைவியோ, மகளோ, மருமகளோ இரவெல்லாம் விழித்திருக்கிறாள். பகலில் அடுப்படி வேலையும் அவளுக்குத்தான். அவள் படுத்துவிட்டால் நோயாளியின் கதி என்ன? இன்ஹேலர் கொடுப்பதையும், உட்கார வைப்பதையும், ஆக்சிஜன் அளவையும் வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் விழித்திருக்கும் இரவில் மற்றவர் தூங்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பேரப் பிள்ளைகூட தாத்தாவோடு சேர்ந்து உதட்டைக் குவித்து ஊதலாம்.

இன்று மாலையே ஆரம்பிக்கலாம். நாற்காலியைச் சன்னல் ஓரத்தில் போடுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். இழுப்பதற்கு இரண்டு எண்ணுங்கள். விடுவதற்கு நான்கு எண்ணுங்கள்.